மூன்று விரல் இறக்கம்

எங்கள் கடையில் எல்லாம் விரல் கணக்குத்தான். டயருக்கும் அதன் மேலே வளைந்து நிற்கிற தகட்டுக்கும் நடுவில் கையைச் செருகிப் பார்ப்பேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற கார் என்றால் நாலு விரல் தாராளமாகப் போகும். "எத்தனை விரல் இறக்கணும்?" என்று கேட்பேன். வீட்டுக்குப் பயந்தவன் ஒன்று என்பான், பயப்படாதவன் மூன்று என்பான். அதற்குத் தகுந்த ஸ்பிரிங்கை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிவிடுவேன். எதற்காக இறக்குகிறாய் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. கார் தரையை ஒட்டிப் போனால் பார்க்க ஜோராக இருக்கும், அதற்காக இறக்குகிறார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தவனை ஒரு பெண் வந்து திருத்தினாள். முதலில் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். பிறகு தங்கச்சி என்று ஆகிவிட்டது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதை தெரியாதவன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீல நிறச் சின்னக் கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. ஓட்டி வந்தவள் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மகாராணி இறங்க மாட்டாளோ, நான்தான் ஓடிப்போய்க் கைகட்டி நிற்க வேண்டுமோ என்று முணுமுணுத்துக்கொண்டே, வேண்டுமென்று டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். பிறகு ஆடி அசைந்து போய்ப் பார்த்தால், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். பக்கத்து சீட்டில் சக்கரங்களைக் கழற்றி வைத்த ஒரு சக்கர நாற்காலி. கன்னத்தில் ஒன்று வாங்கியது போலிருந்தது எனக்கு.

"டீ முடிஞ்சுதா அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அஞ்சு சென்டிமீட்டர் இறக்கணும்," என்றாள்.

"மூணு விரல்," என்றேன்.

"யாரோட விரல்?"

"என் விரல்தான். கடை என்னோடதுதானே."

அவள் என் கையை ஒரு முறை பார்த்தாள். "ஒருநாள் அந்த விரல டேப் வெச்சு அளந்து பாருங்கண்ணே," என்றாள். அப்போதும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்கும் ஸ்டைல் ஆசை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதுக்குள் பெரிய தாராளம் வேறு காட்டிக்கொண்டேன்.

எனக்குப் பிறகு தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் பத்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவள். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கேபினின் கூரைமேல் ஏறி, கிரீஸும் கையுமாக வேலை பார்த்தவள். முப்பதாவது வயதில் முதுகுத் தண்டில் ஒரு நோய் வந்தது. இரண்டே மாதத்தில் கால்கள் இரண்டும் நின்றுவிட்டன. கம்பெனி அவளைக் கைவிடவில்லை, மேசைக்கு மாற்றியது. மூன்று வருடமாக மற்றவர்கள் எழுதிக்கொண்டுவந்த சோதனை அறிக்கைகளுக்கு வரிசை எண் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணால் பார்க்காத லிஃப்டுகளுக்கெல்லாம் எண் போடுவது அவளுக்குக் கசந்தது.

அந்த வருடம் லிஃப்ட் ஆய்வாளர் வேலை ஒன்று காலியானது. ஆய்வாளர் குழியில் இறங்க வேண்டியதில்லை. அதற்குக் கட்டடத்திலேயே ஆள் உண்டு. ஆய்வாளர் லிஃப்டில் போய்ப் பார்த்து, அளந்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுத வேண்டும். இவள் கேட்டாள். மேலதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். ஒரே நாளில் ஆறு கட்டடம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள். சொந்த வண்டியில், துணைக்கு யாரும் இல்லாமல். முடித்தால் வேலை அவளுக்கு. முடிக்காவிட்டால் கடைசிவரை மேசைதான். அந்த நாளுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தபோதுதான் அவள் என் கடை வாசலில் ஹார்ன் அடித்தாள்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மூன்று விரல் ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினேன். ஷாக் அப்சார்பரைத் தொடவில்லை. அதை நாங்கள் சுருக்கமாக ஷாக் என்போம். ஸ்பிரிங் எழுந்து எழுந்து ஆடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. "ஷாக் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றேன். முன்பக்கத் தகட்டை இரண்டு கையாலும் அழுத்திவிட்டேன். கார் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. "பாத்தீங்களா, ஜம்முனு இருக்கு," என்றேன். இந்தக் கைவைத்தியத்தில் எனக்கு ஊரெல்லாம் பெயர்.

மறுநாள் கடையைத் திறப்பதற்குள் ஒருவர் வந்து நின்றார். தலைமுடியிலும் புருவத்திலும் மரத்தூள். அவளுடைய அண்ணன், தச்சர். வீட்டு வாசலிலேயே பட்டறை. மூன்று வருடமாக, அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும், தங்கையைக் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் விட்டு மாலை ஐந்து மணிக்குக் கூட்டி வருகிறவர். அதற்காகவே வெளி வேலைகளை விட்டவர்.

"மனுஷங்க போற வண்டியாய்யா இது?" என்று ஆரம்பித்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கார் டமால் என்று இடித்திருக்கிறது. அந்த அதிர்ச்சியில் அவள் கால் தானாகத் துள்ளி (அந்த நோயில் அப்படித் துள்ளுமாம்), முழங்கால் கம்பியில் மோதி, பிரேக் பிடித்துவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது.

என் வாய் சும்மா இருக்குமா? "இறக்கினா இடிக்கத்தாங்க செய்யும்," என்றேன். எங்கள் தொழிலில் இது சட்டம் மாதிரி. யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இருந்தாலும் மனது கேட்கவில்லை. மறுபடி காரை வரச் சொல்லி, குட்டையான புது ஷாக் போட்டேன். தலையில் ஒரு திருகு இருக்கும். திருகினால் ஒவ்வொரு படிக்கும் க்ளிக் என்னும், மொத்தம் பதினாலு படி. ஒன்று மெத்தென்றிருக்கும், பதினாலு கடுமையாக இருக்கும். நான் பதினாலில் வைத்தேன். ஆடினால்தானே இடிக்கும், ஆடவே விடாமல் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. கையால் அழுத்தினேன், கார் அசையவே இல்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று ஹார்ன் அடிக்கவில்லை, நானாகவே போனேன்.

"அண்ணே, இதுல உட்காந்து ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. வழக்கமே இல்லை.

"சாலையில ஒரு கூழாங்கல் கிடந்தாக்கூட என் கழுத்துக்குத் தெரியுது. ஆஃபீஸ் அடித்தளத்துக்கு இறங்கற சரிவுல காரோட வயிறு தரையில தட்டி, காவலாளி ஓடி வந்துட்டாரு."

"போதும்," என்றார் தச்சர். "ஞாயித்துக்கிழமை பழைய ஸ்பிரிங்கையே கொண்டாந்து மாட்டிடுங்க. நானே கூட்டிட்டுப் போய்க்கறேன். எனக்கென்ன பாரம்?"

அவள் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்த முகம் அது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என் மீதே எனக்கு எரிச்சலாக வந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்தைத் தூக்கிக் குப்பையில் போடு என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஸ்பிரிங் நாலையும் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தரைத் தளம். வாசலில் பட்டறை, பலகைகள், பிசின் வாசனை. தச்சரின் மனைவி கதவைத் திறந்து, "உள்ள வாங்க, அவ துணி மடிச்சிட்டிருக்கா," என்றார்.

உள்ளே போனதும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமானது. அறையில் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. கட்டில், சோஃபா, ஜன்னல் ஓரத்துப் பெட்டி, திறந்திருந்த குளியலறையில் தெரிந்த பலகை. ஒரு நூல் பிடித்தால் எல்லாவற்றின் தலையையும் தொட்டுக்கொண்டு போகும். கட்டில் கால்களைக் குனிந்து பார்த்தேன். அடியில் அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசியிருந்தது.

"நாப்பத்தெட்டு," என்றார் தச்சர் பின்னாலிருந்து. "அவ நாற்காலி உயரம் நாப்பத்தெட்டு சென்டிமீட்டர். இந்த வீட்டுல அவ உட்கார்ற எடம் எல்லாமே நாப்பத்தெட்டு. சோஃபா அறுக்கறப்ப எங்கம்மா இருந்திருந்தா என்னை அறுத்திருப்பாங்க."

நான் பையைக் கீழே வைத்தேன். வெளியே ஓடிப்போய்க் காரின் ஓட்டுநர் சீட்டை டேப்பால் அளந்தேன். என் ஸ்பிரிங்கோடு நாற்பத்தெட்டு. பழைய ஸ்பிரிங்கில் ஐம்பத்துமூன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்து, என் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"எதுக்குத் தங்கச்சி இறக்கணும்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "எப்பக் கேக்கறீங்க!"

பிறகு பொறுமையாகச் சொன்னாள். நாற்காலியிலிருந்து கார் சீட்டுக்கு அவள் கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, நகர்ந்து உட்கார வேண்டும். மட்டமாக இருந்தால் நகரலாம். அஞ்சு சென்டிமீட்டர் மேலே என்றால் ஒவ்வொரு தடவையும் ஏற வேண்டும். வீட்டில் ஒரு தடவை, ஆறு கட்டடத்தில் ஆறு தடவை, ஆக ஏழு. பழைய உயரத்தில் ஒத்திகை பார்த்ததில் மூன்றாவது கட்டடத்திலேயே தோள் விட்டுவிட்டது. இந்தக் காரின் கதவு ரொம்ப அகலமாகத் திறக்கும், நாற்காலி ஒட்டி வரும், அதனால் வேறு காருக்கும் மாற மனமில்லை.

எனக்குத் தலைக்குள் விளக்கெரிந்தது. இவளுக்கு இறக்க வேண்டியது காரை இல்லை, சீட்டை. இத்தனை நாளாக நான் ஒரு சீட்டுக்காக மொத்தக் காரையும் தரையில் தேய்த்திருக்கிறேன்.

"என்னங்க," என்று தச்சரைப் பிடித்துக் கத்தினேன். "கட்டிலுக்குக் கால் அறுத்தீங்க, சோஃபாவுக்குக் கால் அறுத்தீங்க. கார் சீட்டுக்கும் கால் இருக்குங்க!"

அவர் வாயைப் பிளந்தார். இரண்டு பேரும் வெளியே ஓடி, அவளையும் தள்ளிக்கொண்டு போய், சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தோம். சீட் முன்னும் பின்னும் நகருகிற தண்டவாளத்துக்குக் கீழே நாலு இரும்புப் பிடிமானம், ஒவ்வொன்றும் நாலரை சென்டிமீட்டர் உயரம். அதில் இரண்டரையை எடுத்துவிடலாம். மீதி இரண்டரைக்கு மட்டும் காரை இறக்கினால் போதும். ஒன்றரை விரல். வயிறு தட்டாது. தச்சருக்கு உற்சாகம் தாங்காமல் ரம்பத்தை எடுக்கப் போனார். இரும்பை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் ரம்பம் மரத்தோடு இருக்கட்டும் என்று பிடித்து நிறுத்தினேன். குட்டையான பிடிமானங்களைத் தடித்த எஃகில் புதிதாகவே செய்து, வாகனச் சோதனை அலுவலகத்தில் காட்டி, முத்திரையும் வாங்கினோம்.

இனி ஷாக்கும் ஸ்பிரிங்கும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது நடந்தது ஒரு புதன்கிழமை மதியம், என் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில். அங்கே ஒரு வேகத்தடை உண்டு. போட்டவன் என்ன கோபத்தில் இருந்தானோ, சுவர் மாதிரி நிற்கும். அவள் அலுவலகத்திலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். லிஃப்ட் எவ்வளவு குலுங்குகிறது என்று எண்ணில் காட்டும். எண் சின்னதாக இருந்தால் நல்லது. அதைக் காரின் சீட்டில் கட்டினாள்.

"எண்ணு கிண்ணெல்லாம் வேணாம் தங்கச்சி. கை வெச்சா எனக்குத் தெரியும்," என்றேன்.

"சரி. பதினாலுதான் நல்லதுன்னு உங்க கை சொல்லுதா?"

"சொல்லுது. தப்பா இருந்தா மீசைய எடுத்துடறேன்."

"எழுதிக்கோ அண்ணா," என்றாள் தச்சரிடம். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகைத் துண்டில் எழுதியே வைத்தார்.

ஓட்டுவதற்கு முன்னால் இன்னொன்று செய்யச் சொன்னாள். "எங்க லிஃப்ட் குழிக்கு அடியிலயும் ஸ்பிரிங்கும் ஆயில் ஷாக்கும் இருக்குண்ணே. கேபின் கீழ விழுந்தா தாங்கறதுக்கு. அது எவ்வளவு அமுங்குச்சுன்னு பாக்கத் தண்டுல கிரீஸ் தடவி வெப்போம். இதுலயும் அப்படி ஏதாவது செய்ங்க."

ஷாக்கின் தண்டில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டேன். தண்டு உள்ளே போகப் போகப் பட்டை மேலே தள்ளப்படும். எங்கே நிற்கிறதோ அதுவரை போயிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லையே என்று அங்கேயே வெட்கமாக இருந்தது.

முதலில் நான் செய்த பழைய கூத்தையே மாட்டி ஓட்டச் சொன்னாள். மூன்று விரல் ஸ்பிரிங்கும் பழைய நீள ஷாக்கும். நான் ஓட்டினேன். வேகத்தடையில் டமால். பட்டையைப் பார்த்தால், உச்சிக்குப் போய், தண்டு முடிகிற இடத்தில் தடுப்பாக இருக்கிற முட்டு ரப்பரில் நசுங்கிக் கிடந்தது. காரை இறக்கியதிலேயே தண்டு பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. மீதி நகர இடமே இல்லை. இடித்தது ஸ்பிரிங் இல்லை, தண்டு போய் அந்த ரப்பரில் மோதியிருக்கிறது. இறக்கினால் இடிக்கத்தான் செய்யும் என்ற எங்கள் சட்டம் அந்தப் பிளாஸ்டிக் பட்டையோடு போயிற்று.

அடுத்தது என் பதினாலு. குட்டை ஷாக் என்பதால் இடிக்கவில்லை. ஆனால் பெட்டி எழுபது என்றது. பட்டை பாதி வழிகூடப் போகவில்லை. நகர இடம் இருந்தும் நான் அதை நகரவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறேன். என் பல்லெல்லாம் ஒன்றோடொன்று தட்டியது. கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டு ஓட்டியதில் முப்பத்தொன்றுதான்.

பிறகு ஒன்றரை விரல் ஸ்பிரிங்குகள். அலமாரியில் மூன்று வகை இருந்தன. ஒன்று மொத்தமும் ஒரே கடுமை. ஒன்று ரொம்ப மிருது, வேகத்தடையில் முட்டு ரப்பரைத் தொட்டுவிட்டது. மூன்றாவது, மேல் சுற்றுகள் நெருக்கமாகவும் கீழ்ச் சுற்றுகள் விலகியும் இருப்பது. சின்னக் குழிக்கு வளைந்துகொடுக்கும், பெரிய அடிக்கு விறைத்துக்கொள்ளும். வாங்குவாரில்லாமல் தூசி படிந்து கிடந்த சரக்கு அது. அதை மாட்டி, குட்டை ஷாக்கின் திருகைப் பதினாலிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். பன்னிரண்டில் அறுபது. எட்டில் நாற்பத்தைந்து. ஐந்தில் முப்பத்தாறு. நாலில் முப்பத்துமூன்று. மூன்றில் எண் குறைந்தாலும் கார் இறங்கியபின் இரண்டு தடவை ஆடியது. நாலுக்கே திரும்பினோம்.

கடைசியாக அவளே ஓட்டினாள். தச்சர் வேகத்தடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஏறி இறங்கியது. கால் துள்ளவில்லை. இன்னும் நாலு தடவை போய் வந்தாள். துள்ளவில்லை.

தச்சர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். சட்டைப் பையில் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து, ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டார். "இதும் உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பட்டையைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டு, "மீசைய எப்ப எடுக்கணும்?" என்று கேட்டேன்.

"மீசை இருக்கட்டும்ணே. டேப்பு மட்டும் எப்பவும் கைல இருக்கட்டும்," என்றாள். ஆனாலும் வாக்கு வாக்குதான். மறுநாள் எடுத்துவிட்டேன். என் மனைவி கதவைத் திறந்து, யார் வேணும் என்று கேட்டாள்.

சோதனை நாள் வந்தது. யாரும் துணை போகக் கூடாது என்பது நிபந்தனை. தூரத்திலிருந்து பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் கடையைச் சாத்தினேன். தச்சர் பட்டறையைச் சாத்தினார். என் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தொண்ணூறு வயதுக்கு மேல். திருடர்கள் மாதிரி ஒளிந்து ஒளிந்து போனோம்.

முதல் கட்டடம், அலுவலக மாடி. இரண்டாவது மருத்துவமனை. மூன்றாவது வீடுகள் அடுக்கிய கட்டடம். இங்கேதான் தோள் விட்டுப்போகும் என்று பயந்தோம். அவள் வெளியே வந்தாள். சக்கர நாற்காலியைக் கதவோடு ஒட்டினாள். கையை ஊன்றி நகர்ந்தாள். அவ்வளவுதான், சீட்டில் இருந்தாள். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, மடிக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தாள். "நாப்பத்தெட்டு செகண்டு," என்றார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தச்சர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாலாவதும் ஐந்தாவதும் அப்படியே போயின.

ஆறாவது கட்டடத்துக்கு நாலு மணிக்கு வந்தாள். கண்ணாடி போட்ட உயரமான கட்டடம். அடித்தளத்துக்கு இறங்குகிற சரிவைப் பார்த்ததும் ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டேன். கிணற்றுக்குள் இறங்குவது போல ஒரு சரிவு, மேல் விளிம்பு கூர்மையாக மடிந்திருந்தது. கீழே முடிகிற இடத்தில் ஒரு வேகத்தடை வேறு. மூன்று விரல் இறக்கிய காராக இருந்தால் விளிம்பிலேயே வயிறு மாட்டி, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

நாங்கள் மேலேயே ஒரு தூணுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டோம். நீலக் கார் மெதுவாக விளிம்பில் ஏறியது. முன்பக்கம் தாழ்ந்தது. கரகர என்ற சத்தத்துக்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. வேகத்தடையில் டமால் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது தச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். உலுக்கியதில் இரண்டு பேரும் தூணுக்கு வெளியே வந்துவிட்டோம். கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"யாரு நீங்க? இறங்கி வாங்க."

அவர்தான் அவளுடைய மேலதிகாரி. கடைசிக் கட்டடத்தில் வந்து பார்ப்பதாக அவர் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"பார்க்கிங் இடம் பாக்க வந்தோங்க," என்றார் தச்சர்.

"கார் எங்க?"

"இன்னும் வாங்கலைங்க," என்றேன் நான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. லிஃப்டுல ஆள் எடை வேணும். ஏறுங்க," என்றார். கட்டட மேலாளரும் ஏறிக்கொண்டார். அப்படித்தான் அவள் வேலை செய்வதை நான் நேரில் பார்த்தேன்.

அவள் குனிந்து, லிஃப்டின் தரையில் ஒரு காசை விளிம்பில் நிறுத்தி வைத்தாள். நல்ல லிஃப்ட் என்றால் உச்சி வரை போய் வந்தாலும் காசு விழாதாம். பெட்டி இருந்தாலும் முதலில் காசுதான் வைப்பாளாம். முதல் மாடி, இரண்டாவது மாடி, காசு நின்றது. நாலாவது தாண்டும்போது விழுந்தது. கீழே வந்து மறுபடி வைத்தாள். மறுபடியும் நாலாவது தாண்டி விழுந்தது. பெட்டியை வைத்துப் பார்த்தாள். பிறகு கேபின் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். கீழே வந்து நின்றதும், "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கேபின் ஓடற தண்டவாளத்தோட இணைப்பு விலகியிருக்கு. சரி பண்ற வரைக்கும் ஓட்டக் கூடாது," என்றாள்.

மேலாளர் குழைந்தார். "மேடம், நீங்களே கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மணியும் ஆகுது. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே சரி பண்ணிடுவோம்."

"நான் ஒரு கஷ்டமும் படலைங்க. நல்லாத்தான் வந்தேன்," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. "சரி பண்ணுங்க, நாளான்னிக்கு நானே திரும்ப வரேன்."

மேலாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி விழுந்து கிடந்த காசை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அப்போது மணி நாலு ஐம்பது. "ஆய்வாளர் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?" என்றார். தச்சர் என் கையை அழுத்தினார். எலும்பு நொறுங்கியிருக்கும். அவர் காதில் விழுந்தது ஆய்வாளர் என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

அவள் லிஃப்டை நிறுத்தி, கதவில் சிவப்புத் தாளை ஒட்டினாள். காருக்குப் போய் நகர்ந்து ஏறினாள். நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேலே போக லிஃப்ட் இல்லை. படிக்கட்டு வழியைப் பழைய மேசைகள் போட்டு அடைத்திருந்தார்கள். அதற்கும் அவள் ஏற்கனவே ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். மிச்சம் இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான். அதிகாரி, மேலாளர், தச்சர், நான், நாலு பேரும் முழங்காலில் கையை ஊன்றி, மூச்சு வாங்க வாங்க ஏற ஆரம்பித்தோம். பாதி ஏறியபோது பின்னால் இரண்டு தடவை ஹார்ன் அடித்தது.

சுவரோரம் ஒதுங்கி நின்றோம். நீலக் கார் எங்களைத் தாண்டி ஏறிப்போய், விளிம்பை ஒரு சத்தமும் இல்லாமல் கடந்து, வெயிலுக்குள் போயிற்று.